ஹாம்ப்டன் பள்ளியில் ஓர் அரை மணி நேரம்: நெப்ராஸ்காவின் ஜெர்மன் வகுப்பு வழக்கு, 1913–1923

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒரு சிறிய லூத்தரன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) சபைப் பள்ளியில் தொடங்கி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன நிகழ்வு இது. இதில் வரும் ஆசிரியர், மாணவன், கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) அரசு வழக்கறிஞர், ஆசிரியருக்காக வாதாடியவர் எல்லோரும் வாழ்ந்த மனிதர்கள். அவர்கள் பெயர்கள் நீதிமன்ற ஏடுகளில் உள்ளன. இங்கே நாம் பார்க்க வேண்டியது அவர்கள் எடுத்த முடிவுகளை என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

வழக்கில் ஜெர்மன் மொழி வென்றது. ஆனால் அந்த மாநிலத்தில் அது நிலைக்கவில்லை. தாய்மொழி வகுப்பு நடத்துகிறவர்கள், குறிப்பாகத் தாயகத்துக்கு வெளியே நடத்துகிறவர்கள், இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

நெப்ராஸ்கா 1854-இல் தனிப் பிரதேசமானது, 1867-இல் மாநிலமானது. 1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டப்படி, 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் கிடைத்தது. அதோடு, அரசிடமிருந்து பெரும் பரப்பில் நிலம் பெற்ற ரயில் கம்பெனிகள் அதை விற்க ஆள் தேடின. பர்லிங்டன், யூனியன் பசிபிக் இரண்டும் ஐரோப்பாவிலேயே விளம்பரம் செய்து குடும்பங்களை அழைத்தன. ஜெர்மானியர் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். கிராண்ட் ஐலண்ட் நகரின் தொடக்கம் 1857-இல் அயோவாவின் டேவன்போர்ட்டிலிருந்து வந்த ஜெர்மானியரின் குடியேற்றம்தான். நார்ஃபோக், 1866-இல் விஸ்கான்சினிலிருந்து வந்த ஜெர்மன் லூத்தரன் விவசாயிகளால் உருவானது. 1870-களுக்குப் பிறகு, ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த ஜெர்மானியர் லிங்கன் நகரத்தின் தாழ்வான பகுதிகளில் குடியேறினார்கள். நூற்றாண்டுத் திருப்பத்தில் மாநிலத்தின் மிகப் பெரிய குடியேறி இனம் ஜெர்மானியர்தான்.

அவர்கள் எல்லோரும் ஒரே ஜெர்மனைப் பேசவில்லை. ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைனிலிருந்து வந்தவர் வீட்டில் பேசியது தாழ் ஜெர்மன். வோல்காக்காரர்களின் பேச்சு வேறு. தேவாலயத்திலும் வேதாகமத்திலும் செய்தித்தாளிலும் இருந்தது உயர் ஜெர்மன். அதைப் பள்ளியில்தான் கற்க முடியும். இந்த வேறுபாடு கடைசியில் பெரிதாக உருவெடுக்கும்.

சபைப் பள்ளிகளை அதிகம் நடத்தியது மிசூரி சினட் என்ற லூத்தரன் அமைப்பு. 1847-இல் சிகாகோவில் தொடங்கிய அது, ஆசிரியர் பயிற்சிக்கு என்று நெப்ராஸ்காவின் சீவர்டில் 1894-இல் ஒரு கல்லூரியையும் நிறுவியது. அவர்களுக்கு மொழியும் விசுவாசமும் பிரிக்க முடியாதவை. வேதத்தை அவரவர் மொழியில் வாசிக்க வேண்டும் என்பது லூத்தரன் மரபின் அடிப்படை. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் போதகர் தமிழ் கற்றுத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் அதே நம்பிக்கையால்தான். இதே மிசூரி சினட் 1895-இல் கிருஷ்ணகிரியில் தன் பணியைத் தொடங்கியபோது அங்கே தமிழில்தான் பிரசங்கித்தது. அப்படிப்பட்டவர்களுக்கு, சொந்தப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு சேர்ந்து ஜெர்மனில் ஜெபிக்க முடியாத நிலை வந்தால் அது மொழி இழப்பாக மட்டும் தெரியாது.

1913: உச்சத்தில் இருந்த நேரம்

அந்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நான்காம் வகுப்புக்கு மேல் படிக்கும் 50 மாணவர்களின் பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால், அரசுப் பள்ளி ஒரு நவீன ஐரோப்பிய மொழியைக் கற்பித்தே ஆக வேண்டும். எந்த மொழியும் கேட்கலாம் என்றாலும், கேட்கும் அளவுக்குப் பலம் இருந்தவர்கள் ஜெர்மானியர். இதற்காகப் பாடுபட்டது ஜெர்மானிய-அமெரிக்கக் கூட்டமைப்பின் மாநிலக் கிளை.

அந்தக் கூட்டமைப்பின் இன்னொரு பெரிய வேலை மதுவிலக்கை எதிர்ப்பது. மதுபான ஆலைக்காரர்களின் பணம் அதற்குப் பின்னால் இருந்தது. மொழிக்கான கோரிக்கையும் பீருக்கான கோரிக்கையும் ஒரே வாயிலிருந்து வந்ததால், மதுவிலக்கு ஆதரவாளர்கள் பலர் மொழிக்கும் எதிரிகளானார்கள். இது போருக்கு முன்பே விதைக்கப்பட்ட பகை.

1917–1918: என்ன நடந்தது

1917 ஏப்ரல் 6-இல் அமெரிக்கா ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. நெப்ராஸ்கா சட்டமன்றம் அதே மாதம் ஒரு மாநிலப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. போர்க் கடன் பத்திரங்கள் விற்பது, உணவுப் பொருளைச் சேமிப்பது போன்ற வேலைகளோடு, யாருக்குத் தேசப்பற்று போதவில்லை என்று பார்ப்பதையும் அக்குழு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. சபைப் பள்ளிகளில் ஜெர்மன் நிறுத்தப்பட வேண்டும் என்று கேட்டது. ஆராதனைகளிலும் ஆங்கிலம் வேண்டும் என்ற அழுத்தம் வந்தது. 1918-இல் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மேலும் விசாரணை நடந்தது. 1913-இன் மொழிச் சட்டம் அதே ஆண்டு ஒரு சிறப்புக் கூட்டத்தில் ரத்தானது. சீவர்ட் கவுண்டியில் ஜெர்மன்டவுன் என்ற ஊர், போரில் இறந்த உள்ளூர் வீரரின் பெயரால் கார்லண்ட் ஆனது.

மற்ற மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அச்சத்தின் அளவு புரியும். 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில்லில் ஒரு ஜெர்மானியக் குடியேறியைக் கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. மே மாதம் அயோவா ஆளுநர், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் தேவாலயத்திலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிக்கை விட்டார். ஹாம்ப்டன் போன்ற ஊரில் இருந்த ஒரு சபை இதையெல்லாம் நாளிதழில் படித்துக்கொண்டிருந்தது.

1919 ஏப்ரல்: சட்டம் வந்தது

போர் 1918 நவம்பரில் முடிந்துவிட்டது. சட்டமோ 1919 ஏப்ரல் 9-இல் வந்தது. அவசர ஷரத்தோடு உடனே அமலானது. இந்தக் கால வரிசையைக் கவனிக்க வேண்டும்: போர்ப் பதற்றத்தில் நடந்த தவறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அச்சத்துக்குக் காரணமாக இருந்த போர் முடிந்த பிறகும் அச்சம் ஓயவில்லை. அது சட்ட வடிவம் எடுத்தது.

சட்டம் சுருக்கமானது. அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ சபைப் பள்ளியோ, எதிலும் எந்தப் பாடத்தையும் ஆங்கிலம் தவிர்த்த மொழியில் யாருக்கும் கற்பிக்கக் கூடாது. வேற்று மொழியை ஒரு மொழிப் பாடமாகக் கற்பிப்பதும் எட்டாம் வகுப்புத் தேறிய பிறகுதான். மீறினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 25 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது 30 நாள் வரை கவுண்டிச் சிறை. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவை தடைக்குள் வராது என்று பின்னர் மாநில உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆக, பேசுபவர்கள் இருக்கிற மொழிகளுக்குத்தான் தடை.

எட்டாம் வகுப்பு என்ற எல்லை தற்செயலாக வந்ததல்ல. பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் எட்டோடு படிப்பை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல்தான் மொழி என்றால், அவர்களுக்கு மொழி இல்லை என்றே பொருள்.

இது நெப்ராஸ்காவில் மட்டும் நடந்ததல்ல. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதே போன்ற கட்டுப்பாடுகளை விதித்தன.

முதல் முடிவு: நீதிமன்றம் போவது

சினட்டின் நெப்ராஸ்கா வட்டாரம் யாரும் கைதாகும் வரை காத்திருக்கவில்லை. சட்டத்தை அமல்படுத்தத் தடை கேட்டு வழக்குப் போட்டது. கத்தோலிக்கர்களும் சேர்ந்துகொண்டார்கள், போலிஷ், செக் மொழி பேசும் திருச்சபைப் பங்குகளின் பள்ளிகளுக்கும் இதே சட்டம்தான். வாதாட வந்தவர் ஓமாஹாவைச் சேர்ந்த ஐரிஷ் கத்தோலிக்க வழக்கறிஞர். ஜெர்மானியர் அல்லாத ஒருவரைத் தேர்ந்தது அந்த நாளில் நல்ல முடிவு. “எதிரியின் மொழிக்கு எதிரியே வாதாடுகிறான்” என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

1919 டிசம்பர் 26-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஒரு வழி விட்டது: வழக்கமான பள்ளி நேரத்துக்கு வெளியே, கட்டாயப் பாடங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், வேற்று மொழி கற்பிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

இரண்டாம் முடிவு: அரை மணி நேரம்

ஹாமில்ட்டன் கவுண்டியின் ஹாம்ப்டனுக்கு அருகில் இருந்த சபை இந்தத் தீர்ப்பைப் படித்து ஓர் ஏற்பாடு செய்தது. பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். நண்பகல் இடைவேளையை அரை மணி நேரம் நீட்டுவார்கள். 1 மணி முதல் 1:30 வரை விரும்பும் பிள்ளைகளுக்கு ஜெர்மன் வாசிப்பு. வாசிக்கும் புத்தகம் வேதாகமக் கதைகளின் தொகுப்பு.

சபையின் கணக்கு புரிகிறது. மாலையில் என்றால் பிள்ளைகள் பண்ணை வேலைக்குப் போக வேண்டும். பள்ளியும் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்கிற ஒரே நேரம் பகல்தான். ஆனால் அதே காரணத்தால், “இதுவும் பள்ளி நேரம்தானே” என்று கேட்பவருக்கு இடம் கொடுத்த ஏற்பாடும் அதுதான். சபையும் ஆசிரியரும் அதை அறிந்தே செய்தார்கள்.

1920 மே 25

அன்று பகல் கவுண்டி அரசு வழக்கறிஞர் பள்ளிக்கு வந்தார். அப்போது நான்காம் வகுப்பில் இருந்த 10 வயதுச் சிறுவன் ஒருவன் யாக்கோபின் ஏணி பற்றிய கதையை ஜெர்மனில் வாசித்துக்கொண்டிருந்தான்.

ஆசிரியர் பின்னாளில் தன் வழக்கறிஞரிடம் சொன்னது இது. அதிகாரி வருவதை அவர் பார்த்துவிட்டார். அந்தக் கணத்தில் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் வந்தவர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஜெர்மனிலேயே தொடர்ந்தால் வழக்கு வரும் என்றும் தெரியும். பின்வாங்கக் கூடாது என்று முடிவு செய்து ஜெர்மனிலேயே தொடர்ந்தார். பெற்றோரின் மதத்தைப் பெற்றோரின் மொழியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது தன் கடமை என்று அவர் நினைத்தார்.

இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அவர் அரசியல்வாதி அல்ல, இயக்கத் தலைவர் அல்ல. சில நொடிகள்தான் இருந்தன. ஆனாலும் அவர் முன்கூட்டியே யோசித்து வைத்திராவிட்டால் அந்தச் சில நொடிகளில் அப்படி முடிவெடுத்திருக்க முடியாது. அன்று ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் அந்த வகுப்பு மறுநாளும் ஒளிந்து ஒளிந்து நடந்திருக்கும்; நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர் வழியாக வந்திருக்காது.

குற்றப்பத்திரிகை வந்தது: எட்டாம் வகுப்புத் தேறாத 10 வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் வாசிப்புப் பாடம் கற்பித்தார். கவுண்டியின் மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அபராதம் 25 டாலர்.

மூன்றாம் முடிவு: அபராதம் கட்டாமல் மேலே போவது

சட்டத்தில் இருந்த மிகக் குறைந்த தண்டனை அது. கட்டிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆனால் தண்டனை “ஒவ்வொரு குற்றத்துக்கும்” என்று எழுதியிருக்கிறது. கட்டுவதென்றால் வகுப்பைக் கைவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகும். ஆசிரியரும் அவர் பின்னால் நின்றவர்களும் மேல்முறையீடு செய்தார்கள். முதல் வழக்கை நடத்திய அதே ஓமாஹா வழக்கறிஞர் இதையும் எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் மாநிலம் தன் பக்கத்தை இறுக்கியது. 1920 செப்டம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியலமைப்புத் திருத்தங்களில், ஆங்கிலமே மாநிலத்தின் ஆட்சிமொழி என்பதும் ஒன்று. 1921-இல் சட்டமன்றம் பழைய மொழிச் சட்டத்தை எடுத்துவிட்டு அதைவிடக் கடுமையான ஒன்றை வைத்தது. இடைவேளை, பள்ளி நேரத்துக்கு வெளியே என்ற சந்துகளை அடைப்பதே அதன் நோக்கம்.

1922 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. நீதிபதிகள் எல்லோரும் ஒப்பவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு, குடியேறியவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தாயகத்து மொழியிலேயே வளர்க்க விட்டதன் கேடுகளைச் சட்டமன்றம் கண்டது என்றும், அந்த நிலை மாநிலத்தின் பாதுகாப்புக்கு எதிரானது என்றும் சொன்னது. வேதாகமக் கதையை வைத்துக் கற்பித்தாலும் அது மொழி கற்பித்தலே என்பது அதன் கருத்து.

உச்ச நீதிமன்றத்தில்

1923 பிப்ரவரியில் வாதம் நடந்தது. ஜூன் 4-இல் தீர்ப்பு வந்தது. அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் 262 யு.எஸ். 390 என்ற எண்ணில் உள்ளது. தண்டனை ரத்தானது.

எந்த வழியில் வென்றார்கள் என்பது முக்கியம். மத உரிமையை மையமாக வைத்துத் தீர்ப்பு எழுதப்படவில்லை. மத்திய அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் மதச் சுதந்திரம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. தீர்ப்பு நின்றது, மாநிலங்கள் யாருடைய சுதந்திரத்தையும் முறையின்றிப் பறிப்பதைத் தடுக்கும் 14-ஆம் திருத்தத்தின் “சுதந்திரம்” என்ற சொல்லின் மேல். ஆசிரியருக்குத் தன் தொழிலைச் செய்யும் உரிமை உண்டு. தங்கள் பிள்ளைக்குக் கற்பிக்க அவரை அமர்த்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு. இரண்டும் அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று நீதிபதி மக்ரெய்னால்ட்ஸ் எழுதினார். ஜெர்மன் மொழி அறிவு மட்டுமே தீங்கு என்று நியாயமாகக் கருத முடியாது என்றார். அரசியலமைப்பின் பாதுகாப்பு ஆங்கிலத்தை நாவில் கொண்டு பிறந்தவர்களுக்கும் பிற மொழி பேசுபவர்களுக்கும் ஒன்றுபோல உண்டு என்றார். எல்லோருக்கும் பொது மொழி தெரிவது நல்லதாக இருக்கலாம். ஆனால் நல்ல நோக்கத்தைத் தடை செய்யப்பட்ட வழியில் அடைய முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசே வளர்க்க வேண்டும் என்ற பிளேட்டோவின் யோசனையையும் ஸ்பார்ட்டாவின் நடைமுறையையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லி, அமெரிக்க அரசியலமைப்பு நிற்கும் கருத்து அதற்கு நேர் எதிரானது என்கிறது. ஒரு கிராமப் பள்ளியின் நண்பகல் வகுப்பைப் பற்றிய வழக்கில் இவ்வளவு தூரம் போனார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

நீதிபதிகள் ஹோம்ஸும் சதர்லாந்தும் உடன்படவில்லை. இதோடு சேர்த்து முடிக்கப்பட்ட அயோவா வழக்கில் ஹோம்ஸ் தன் காரணத்தை எழுதினார். வீட்டில் போலிஷோ பிரெஞ்சோ ஜெர்மனோ மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை பள்ளியில் ஆங்கிலம் மட்டும் கேட்க வேண்டும் என்று ஒரு மாநிலம் சோதித்துப் பார்ப்பது நியாயத்துக்குப் புறம்பானதல்ல. இதில் அறிவுள்ளவர்கள் மாறுபடலாம் என்பது அவர் நிலை. அவரை மொழி விரோதி என்று தள்ளிவிடக் கூடாது. பொது மொழி தெரியாமல் வளரும் பிள்ளை பின்தங்கும் என்ற கவலை நேர்மையானது. ஹாம்ப்டனில் மற்ற பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடந்தன என்பதால் அந்தக் கவலை இந்தப் பள்ளிக்குப் பொருந்தவில்லை என்பதே என் பதில்.

அப்புறம் என்ன ஆனது

சட்டப் பக்கத்தில் விளைவு பெரிது. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்ற ஒரிகன் மாநிலச் சட்டம் 1925-இல் விழுந்தது. ஹவாயில் ஜப்பானிய மொழிப் பள்ளிகளை முடக்கிய கட்டுப்பாடுகள் 1927-இல் விழுந்தன. இரண்டிலும் ஹாம்ப்டன் ஆசிரியரின் வழக்கு ஆதாரமாக நின்றது. குடும்பத்தின் உள் வாழ்க்கையில் அரசு எவ்வளவு நுழையலாம் என்ற கேள்வி எழும் வழக்குகளில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்காவில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள், சீனப் பள்ளிகள், அரபுப் பள்ளிகள் எல்லாம் யாரிடமும் அனுமதி கேட்காமல் நடப்பதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

மொழியின் பக்கம் வேறு கதை. 1915-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஜெர்மன் படித்தார். 1922-இல் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. தீர்ப்பு வந்தபோது ஆசிரியர்கள் வேறு பாடத்துக்கு மாறிவிட்டார்கள். புத்தகங்கள் அலமாரியை விட்டுப் போய்விட்டன. பெற்றோரிடம் பயம் தங்கிவிட்டது. 1924-இன் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரியாக வரம்பு விதித்ததால், புதிய ஜெர்மன் பேச்சாளர்களின் வரவும் சுருங்கியது. மிசூரி சினட்டே 1917-இல் தன் பெயரிலிருந்து “ஜெர்மன்” என்ற சொல்லை எடுத்திருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் சபை சபையாக ஆராதனை ஆங்கிலத்துக்கு மாறியது. முதலில் இரண்டு மொழியிலும், பிறகு மாதம் ஒரு முறை ஜெர்மனில், அதன் பிறகு முதியவர்களின் அடக்க ஆராதனையில் மட்டும் என்பது பல ஊர்களில் நடந்த போக்கு.

வேறு வடிவங்கள் பிழைத்தன. 1870-இல் தொடங்கிய கிராண்ட் ஐலண்டின் பாட்டுச் சங்கம் இருந்தது. வோல்கா ஜெர்மானியரின் முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்துச் சுட்ட பன், ருன்ஸா என்ற பெயரில் 1949-இல் லிங்கனில் கடையாகி, இன்று மாநிலம் முழுக்கத் தெரிந்த உணவு. ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியரின் வரலாற்றுச் சங்கம் 1968-இல் பிறந்து லிங்கனில் தலைமையகம் வைத்திருக்கிறது. பெயரும் பன்னும் வம்சாவளி ஏடுகளும் உள்ளன. சாப்பாட்டு மேசையில் பேச்சு இல்லை.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

முதலில், எதை மாற்றக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியரின் முடிவு, மேல்முறையீடு, வெளி வழக்கறிஞர், மற்ற மொழிக்காரர்களோடு கூட்டு: நான்கும் சரி.

கூட்டு இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். 1913-இல் ஜெர்மானியர் தங்கள் எண்ணிக்கையை நம்பினார்கள். செக், போலிஷ், டேனிஷ், ஸ்வீடிஷ் மக்களோடு சேர்ந்து கேட்டிருந்தால் அது ஒரு பேரரசின் மொழியைக் கொண்டுவரும் முயற்சியாகத் தோன்றியிருக்காது. மதுவிலக்குச் சண்டையிலிருந்து மொழியைப் பிரித்து வைத்திருக்க வேண்டும்.

சில சபைப் பள்ளிகளில் ஆங்கிலம் போதாமல் இருந்தது உண்மை. அதை சபைகளே முன்வந்து 1910 வாக்கிலேயே சரிசெய்து, தேர்வு முடிவுகளை வெளியே வைத்திருந்தால் சட்டத்தை ஆதரித்தவர்களில் நேர்மையானவர்கள் விலகியிருப்பார்கள். எல்லோரும் விலகியிருக்க மாட்டார்கள். அதில் எனக்கு மயக்கமில்லை.

இவை சிறியவை. பெரியது ஒன்று உண்டு. அந்தச் சபை காப்பாற்றியது உயர் ஜெர்மன் வாசிப்பை. வீட்டில் பேசிய தாழ் ஜெர்மனுக்காகவோ வோல்காப் பேச்சுக்காகவோ யாரும் நீதிமன்றம் போகவில்லை. சட்டமும் அதைத் தொடவில்லை. வீட்டுப் பேச்சைத் தடை செய்ய அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் அதுதான் சத்தமில்லாமல் முதலில் போனது. 1918-இல் தெருவில் பயந்த பெற்றோர், 1925-இல் பயப்படக் காரணம் குறைந்த பிறகும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். பேச்சு மொழியைப் பலரும் மட்டமாக நினைத்ததும் ஒரு காரணம். “நல்ல ஜெர்மன்” பள்ளியில் இருக்கிறது, வீட்டில் இருப்பது கொச்சை என்று நினைத்தவர்களுக்கு, பள்ளி ஜெர்மன் போனதும் வீட்டில் காப்பாற்ற எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பென்சில்வேனியாவின் அமிஷ் மக்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகிறது. அவர்கள் பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். உயர் ஜெர்மன் வேதத்துக்கும் ஆராதனைக்கும் மட்டும். ஆனால் வீட்டிலும் வயலிலும் திருமணத்திலும் பென்சில்வேனிய ஜெர்மன் என்ற பேச்சு மொழியே. அதை அவர்கள் கொச்சை என்று கருதவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வந்த அந்த மொழி இன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அவர்கள் தனித்து வாழ்பவர்கள், அந்த வாழ்க்கையை எல்லோரும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது சரிதான். ஆனால் பள்ளியில் எந்த மொழி என்பதைவிடப் பிள்ளையோடு யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது மேலாக நின்றிருக்கிறது.

ஹாம்ப்டனில் இருந்திருந்தால் நான் அரை மணி வகுப்பை விட்டிருக்க மாட்டேன். ஆனால் அதே சபைக் கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் கேட்டிருப்பேன்: பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு தாழ் ஜெர்மனில் பேசுவதை ஆசிரியரும் போதகரும் மட்டமாகப் பேசக் கூடாது, இளைஞர் கூடுகை, அறுவடை விருந்து, பாட்டு எல்லாம் அந்தப் பேச்சிலேயே நடக்க வேண்டும். செலவில்லாத, சட்டம் தொட முடியாத ஏற்பாடு அது.

இன்றைக்கு ஒரு குறிப்பு. 1920-இல் சேர்த்த ஆட்சிமொழி ஷரத்து நெப்ராஸ்கா அரசியலமைப்பின் முதல் பகுதி 27-ஆம் பிரிவில் இன்னும் இருக்கிறது. பொதுப் பாடங்கள் அரசு, தனியார், சபைப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது அது. வேறொரு மொழியை மொழிப் பாடமாகச் சொல்லித் தருவதை 1923-இன் தீர்ப்பு பாதுகாக்கிறது. அந்த மாநிலத்தில் முழுநேரத் தாய்மொழிப் பள்ளி தொடங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் வாசித்துவிட்டு ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். வார இறுதி வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அந்தத் தேவை இல்லை.